அடுத்த மாடல் வரட்டும்

லிஃப்ட் கம்பெனியில் என் அத்தானுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'வரட்டும்'. எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழுவது அந்தச் சொல்தான். சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாமா என்றால் வெயில் வரட்டும். சோஃபாவை மாற்றலாமா என்றால் நல்லதாக ஒன்று வரட்டும். அக்காவைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட காலத்தில், நான் ஒரு படிப்பில் சேர்ந்து, பிடிக்காமல் விட்டு, இன்னொன்றில் சேர்ந்து அதை முடித்தும்விட்டேன். "அவ்வளவு நாள் என்னதான் அத்தான் யோசிச்சீங்க?" என்று ஒருமுறை வம்புக்கு இழுத்தேன். "வீட்டுல அடுத்த மாடல் ஒண்ணு இருக்கே, அது எப்படின்னு பார்த்தேன். சத்தம் ரொம்ப ஜாஸ்தி. முதல் மாடலே போதும்னு முடிவு பண்ணேன்" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு 'அடுத்த மாடல்' என்று பெயர்.

எனக்குப் பொறுமை கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். இந்த ஃபிரேமா அந்த ஃபிரேமா என்று ஒன்றைப் போட்டு, கழற்றி, இன்னொன்றைப் போட்டு, முதலில் போட்டதையே திரும்பக் கேட்டு, கடைசியில் "வீட்டுல கேட்டுட்டு வரேன்" என்று கிளம்புகிறவர்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தால், அங்கே அத்தான் அதே வேலையை ஃபோனை வைத்துச் செய்துகொண்டிருப்பார்.

அவருடைய பழைய ஃபோன் பார்க்கவே பாவமாக இருக்கும். பேட்டரி உப்பிப்போய் பின்மூடி எழும்பி நிற்கும். அதை ஒரு ரப்பர் பேண்ட் போட்டு அடக்கி வைத்திருந்தார். பாதிக்கு மேல் சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்கும், திடீரென்று செத்துப்போகும். அந்த மாடலுக்கு இப்போது பேட்டரியே வருவதில்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அதற்குத் துணையாக செங்கல் மாதிரி ஒரு பவர் பேங்க்கைப் பையில் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

புது ஃபோன் என்று வந்தபோது போட்டி இரண்டு கம்பெனிகளுக்குள். ஒன்றுக்கு நான் 'கேமராக்காரன்' என்று பெயர் வைத்தேன். இருட்டில்கூட ஒவ்வொரு நூலும் தெரிகிற மாதிரி படம் எடுக்குமாம். இன்னொருவன் 'பேட்டரிக்காரன்'. ஒருமுறை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் தாங்குவான், தண்ணீரில் விழுந்தாலும் உயிரை விடமாட்டான். இரண்டுமே அவர் தொழிலுக்கு வேண்டியவைதான், அதை நான் மறுக்கவில்லை. லிஃப்ட் ஓடும் குகைக்குள் கும்மிருட்டு. அங்கே கம்பிவடத்தில் எத்தனை இழை தேய்ந்திருக்கிறது, பிரேக் எப்படி இருக்கிறது என்று படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பினால்தான் புதுப் பாகம் வரும். டார்ச்சும் அதே ஃபோன்தான். அதனால் கேமராவும் வேண்டும், பேட்டரியும் வேண்டும்.

சரி, ஏதோ ஒன்றை வாங்கித் தொலைய வேண்டியதுதானே. அதுதான் இல்லை. கேமராக்காரனை வாங்கலாம் என்று மனது சாயும்போது அவனுடைய அடுத்த மாடலில் பேட்டரியும் பெரிதாகப் போகிறது என்று எவனாவது வீடியோ போடுவான். பேட்டரிக்காரன் பக்கம் திரும்பினால், அவனுக்கும் புதுக் கேமரா வருகிறதாம். "வரட்டும், பார்த்துட்டு வாங்கலாம். இன்னிக்கு அவசரப்பட்டு வாங்கி, அடுத்த மாசம் அதைவிட நல்லது வந்தா வயித்தெரிச்சல்" என்பார். வந்தால், அதற்கடுத்தது வரப்போகிறது என்பார். காலையில் அவர் கண்ணைத் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "வந்துடுச்சா?" அக்கா பல் விளக்கிக்கொண்டே, "வரலைங்க, தூங்குங்க" என்பாள்.

ஒருநாள் எனக்குத் தாங்காமல் கத்தியேவிட்டேன். "ஃபோன்தானே அத்தான், என்ன தலையா போயிடும்?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பழகிப்போச்சும்மா. என் வேலையில இதுவா அதுவான்னு ஒண்ணுக்கு நாலு தடவை பார்த்துத்தான் மாட்டணும். தப்பா ஒண்ணை மாட்டினா, மறுநாள் காலையில யாரோ ஒருத்தர் குழந்தையைக் கையில பிடிச்சுக்கிட்டு அதுக்குள்ள போய் நிப்பாங்க" என்றார். உண்மைதான். மனிதர் மாட்டிய லிஃப்ட் எதுவும் இதுவரை யாரையும் கீழே போட்டதில்லை.

அக்காவின் பயம் வேறு மாதிரி. கல்யாணமான புதிதில், அத்தானோடு வேலை பார்த்த ஒருவர் குகைக்குள் மாட்டிக்கொண்டு காலை இழந்தார். அதிலிருந்து அத்தான் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அக்காவுக்கு உயிர் போய் உயிர் வரும். அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். ஃபோனை எடுத்துப் பேச முடியாது, மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதற்காக இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். இரண்டு ரிங் அடித்து நின்றால், 'உள்ளே இறங்குகிறேன்.' ஒரே ஒரு ரிங் என்றால், 'வெளியே வந்துட்டேன், நல்லா இருக்கேன்.' நிற்காமல் அடித்தால் மட்டும் எடு. கையெல்லாம் கிரீஸாக இருக்கும் மனிதருக்கு இது வசதி. அக்காவுக்கோ அதுதான் மூச்சு. இரண்டு ரிங்குக்கும் ஒரு ரிங்குக்கும் நடுவில் அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். அந்த ஒரு ரிங் வந்ததும், காத்திருக்கிற நோயாளியிடம்கூடச் சிரித்துப் பேசுவாள்.

விஷயம் நடந்தது ஒரு விடுமுறை நாளில். மருத்துவமனையும் மூடியிருந்தது, என் கடையும் மூடியிருந்தது. அன்று சாயங்காலம்தான் கேமராக்காரனின் புது மாடல் வெளியாகிறது, நேரலையில் காட்டுகிறார்கள். பெரிய பேட்டரியோடு வருகிறான் என்று ஒரு வருஷமாகப் பேச்சு. அத்தான் முதல் நாளே டிவிக்கு எதிரில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டார். "அடுத்த மாடல், நீயும் வந்துடு. உன் பேர்ல ஒண்ணு வருது. பார்த்துட்டு நாளைக்கே வாங்கிடறேன், இனிமே வரட்டும்னு சொல்ல மாட்டேன்" என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.

காலையில் ஒரு பழைய ஆபீஸ் கட்டடத்திலிருந்து அழைப்பு. லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் தண்ணீர் ஊறி நிற்கிறதாம். அதை வெளியேற்றும் சின்ன பம்ப் ஓடவில்லையாம். கூட வரவேண்டிய உதவியாளர் விடுமுறையில். தனியாக இறங்கக்கூடாது என்பது கம்பெனி விதி. "பம்ப்தானே, லிஃப்டையே தொடப்போறதில்லை. சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் அக்கா வீட்டுக்குப் போனபோது இரண்டு ரிங் வந்திருந்தது. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள். நான் பேசியதற்கெல்லாம் 'ம்' கொட்டினாள். கொஞ்ச நேரத்தில் அலமாரிமேல் இருந்த ஃபோன் ஒருமுறை அடித்து நின்றது.

"அட, அதுக்குள்ளயா" என்றாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "பாத்தியா, டிவி பார்க்கணும்னா மட்டும் வேலை எவ்வளவு வேகமா நடக்குது."

இருவரும் சமைத்தோம், சாப்பிட்டோம். அவருக்கு எடுத்து மூடி வைத்தோம். அக்கா சோஃபாவிலேயே கண் அசந்துவிட்டாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. மத்தியானம் போய்விட்டது. வெயில் சன்னலை விட்டு இறங்கியது. வழியில் ஃபோன் கடைக்குள் நுழைந்திருப்பார், கடைக்காரரோடு கேமராவைப் பற்றி நியாயம் பேசிக்கொண்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நேரலை தொடங்கியது. கறுப்பு மேடையில் ஒருவர் வந்து நின்று இரண்டு கையையும் விரித்தார். கூட்டம் கைதட்டியது. எதிரில் அந்த நாற்காலி காலியாக இருந்தது.

அந்த நாற்காலியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூடப் போர்வையோடு வந்து உட்கார்ந்து இந்த மாதிரி நேரலையைப் பார்த்த மனிதர் அவர். நான் அவருக்கு ஃபோன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. வழக்கம்போல் செத்திருக்கும், பையில் பவர் பேங்க் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போனேன். ஃபிரிஜ்மேல் சார்ஜரில் செருகியபடி அந்தச் செங்கல் உட்கார்ந்திருந்தது.

அக்காவை எழுப்பினேன். "அத்தான் இன்னும் வரலைக்கா."

"ரிங் வந்துச்சே. எங்கயாவது நின்னு பேசிக்கிட்டு இருப்பார்." கண்ணைக் கசக்கிக்கொண்டே டிவியைப் பார்த்தாள். மேடையில் புது ஃபோனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், என் கையிலிருந்த பவர் பேங்க்கைப் பார்த்தாள். பிறகு, எனக்குக் கேட்டும் கேட்காத குரலில் தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "ஒரு ரிங்கோட ஃபோன் செத்துப்போயிருந்தா?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என் வண்டிச் சாவியைத் தேடி எடுத்தேன். நிற்காமல் அடித்து 'என்னைக் காப்பாத்து' என்று சொல்ல வந்த அழைப்பு, பாதியில் அறுந்தால் எங்கள் காதில் விழுவது 'நல்லா இருக்கேன்' என்பதுதான். அதைக் கேட்டுவிட்டுத்தான் நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறோம்.

கட்டடம் தூரமில்லை. என் வண்டியில் போனோம். பின்னாலிருந்து அக்காவின் கை என் தோளைப் பிடித்திருந்தது. நகம் பதிகிற அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

வாசலில் இருந்த காவலாளி அப்போதுதான் வேலைக்கு வந்தவர். "லிஃப்டுக்காரரா? யாரும் இல்லைங்களே. காலையில இருந்தவர் ஒண்ணும் சொல்லலையே. வந்துட்டுப் போயிருப்பார்" என்றார். அவர் சொன்னதை நம்பத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அக்கா நேராகக் கட்டடத்தின் பின்பக்கம் போனாள். அங்கே தூணுக்குப் பின்னால் அவருடைய ஸ்கூட்டர் நின்றது. அதன் சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஏன் தொட்டாள் என்று தெரியாது, சூடு இருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ.

லிஃப்டின் கீழ்த்தள வாசல் நீண்ட நடைபாதையின் கடைசியில் இருந்தது. 'வேலை நடக்கிறது' என்ற பலகை கைப்பிடியில் தொங்கியது. கதவு மூடியிருந்தது. பக்கத்து மனையில் சுவர் உடைக்கும் இயந்திரம் கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே ஒருவன் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அக்கா கதவில் காதை வைத்தாள். பிறகு முஷ்டியால் ஒரே ஒரு முறை தட்டினாள்.

கீழேயிருந்து இரும்பில் இரும்பு படும் சத்தம் வந்தது. ஒன்று. இன்னொன்று. பிறகு நிற்காமல்.

"இருக்காருடி" என்று அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். காவலாளி கதவைப் பிடித்து இழுத்தார், அது அசையவில்லை. லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்க முக்கோணமாக ஒரு சாவி வேண்டும், அது அத்தானிடம் உள்ளே இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா அழவில்லை. கைப்பைக்குள் துழாவி, ஸ்கூட்டரின் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். சீட்டுக்கு அடியில் பழந்துணியில் சுற்றி இன்னொரு முக்கோணச் சாவி வைத்திருப்பார் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் பயந்து பயந்து அவர் வேலையில் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று கேட்டு வைத்திருக்கிறாள்.

கதவு திறந்ததும் அழுகின தண்ணீர் வாடை முகத்தில் அடித்தது. என் ஃபோன் டார்ச்சைக் கீழே காட்டினேன். ஆள் உயரத்துக்கும் அதிகமான ஆழமுள்ள குழியில் கறுப்புத் தண்ணீர். அதில் நெஞ்சுக்குக் கீழ்வரை மூழ்கி, சுவரில் சாய்ந்தபடி அத்தான். முகம் வெளுத்து, உதடு நீலமாகி இருந்தது. கையில் ஒரு ஸ்பேனர்.

அக்கா குனிந்து காலைக் கீழே விட்டாள்.

"தண்ணியில கால் வைக்காதே" என்றார். குரல் கீறிப்போயிருந்தது. "மேல, பம்ப் லைன். மெயினை அணைங்க முதல்ல."

அவர் ஸ்பேனரை நீட்டிய இடத்தில் சுவரில் ஒரு பிளக் பெட்டி. லிஃப்டை மேல்தளத்தில் நிறுத்தி, அதன் மெயினை அணைத்துவிட்டுத்தான் அவர் இறங்கியிருந்தார். பம்புக்கு வரும் லைன் தனி, அதைச் சோதிக்க வேண்டுமென்பதால் விட்டு வைத்திருந்தார். தண்ணீர் அந்தப் பெட்டிக்கு நாலு விரல் கீழே நின்றது. எங்கோ உடைந்த குழாயிலிருந்து அது சொட்டிக்கொண்டே இருப்பது கேட்டது. நானும் காவலாளியும் மீட்டர் அறைக்கு ஓடினோம். அங்கே வரிசையாக எத்தனையோ சுவிட்சுகள், எதிலும் எழுத்து தெரியவில்லை. எது எதற்கு என்று காவலாளி யோசிக்க ஆரம்பித்தார். நான் யோசிக்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் இறக்கினேன். கட்டடமே இருண்டது. வாழ்க்கையில் எனக்குப் பொறுமை இல்லாதது அன்று ஒருநாள்தான் யாருக்காவது உதவியது.

ஏணி கொண்டுவந்து, பக்கத்து மனையில் சுவர் உடைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூட்டிவந்து, அவரைத் தூக்கி வெளியே போட்டோம். குழியின் இரும்பேணியில் ஒரு படி துருப்பிடித்திருந்ததாம். அது பெயர்ந்து அவர் விழுந்தபோது, கதவுக்குக் கொடுத்திருந்த மரக்கட்டையும் கூடவே விழுந்து கதவு மூடிக்கொண்டுவிட்டது. கணுக்கால் உடைந்து வீங்கியிருந்தது. டார்ச்சைப் போட்டு காலைப் பார்த்தாராம். பாதிக்கு மேல் சார்ஜ் என்று ஃபோன் காட்டியதாம். அதை நம்பித்தான் அக்காவை அழைத்தாராம்.

ஆம்புலன்சுக்குக் காத்திருக்கும்போது தரையில் அக்கா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். குளிரில் பல் தந்தியடித்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"வந்துடுச்சா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாகக் கிடக்கும்போதும் இந்த மனுஷனுக்கு ஃபோன். "வந்துடுச்சு அத்தான். அப்பவே வந்துடுச்சு. பெரிய பேட்டரி, நல்ல கேமரா, எல்லாம் இருக்கு. போதுமா?"

அவர் தலையை ஆட்டினார், அதில்லை என்பது போல. அக்கா பக்கம் கண்ணைத் திருப்பினார். "ஒரு ரிங். உனக்கு வந்துடுச்சா?"

"வந்துச்சுங்க."

கண்ணை மூடிக்கொண்டார். "ஒரு தடவை அடிச்சது என் காதுல கேட்டுச்சு. உடனே செத்துடுச்சு. அது உனக்குப் போயிருக்கக்கூடாதுன்னுதான் உள்ள நின்னு வேண்டிக்கிட்டே இருந்தேன். ஒண்ணுமே வரலைன்னா நீ தேடிக்கிட்டு வந்துடுவே. வந்திருந்தா, நான் நல்லா இருக்கேன்னு நினைச்சுக்குவே. யாரும் வரமாட்டீங்க. தண்ணி ஏற ஏற அது ஒண்ணுதான் பயமா இருந்துச்சு."

அக்கா அவர் தலைமயிரிலிருந்த சேற்றை விரலால் எடுத்துக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து நடைபாதையின் கடைசிவரை போய், சுவரைப் பார்த்து நின்று அழுதேன்.

மறுநாள் அக்கா, அத்தானைச் சேர்த்திருந்த மருத்துவமனைக்கு எதிரில் இருந்த கடைக்குப் போனாள். எந்த மாடல் காட்டட்டும் என்று கேட்ட கடைக்காரரிடம், "இப்ப கையில என்ன இருக்கோ அதைக் குடுங்க" என்றாள். அது பேட்டரிக்காரன், அதுவும் போன வருஷத்து மாடல். அத்தான் மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்லட்டும், ஒரு பிடி பிடிக்கலாம் என்று நானும் காத்திருந்தேன். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

கால் சரியாகி வேலைக்குப் போய்விட்டார். ரிங் கணக்கெல்லாம் இப்போது கிடையாது. மருத்துவமனையில் மேசையை விட்டு எழுந்து அக்கா எடுத்தே தீருவாள், அவரும் வாயைத் திறந்து "நான்தான், வெளியே வந்துட்டேன்" என்று சொல்லியே ஆக வேண்டும். தனியாக எங்கேயும் இறங்குவதில்லை. அந்த ஃபோனும் இதுவரை ஒருநாளும் சாகவில்லை.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது அக்காவின் ஃபோன் ஒருமுறை அடித்து நின்றது. யாரோ தெரியாத எண், ஏதோ விளம்பரமாக இருக்கும். "ராங் நம்பர்க்கா" என்று சொல்லிக்கொண்டே நான் திரும்பினேன். அத்தான் அதே அறையில், டிவிக்கு எதிரில் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அக்கா வாசலில் ஒரு காலில் செருப்போடு, கையில் அந்த முக்கோணச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.